அழுத்தினால்தான் நிற்கும்

ஹில்டா டீச்சர் தார்ப்பாயை இழுத்து விலக்கியதும் பவுன்ராஜ் முதலில் பார்த்தது மெஷினை அல்ல, அதன் பிடிகளைத்தான். இரண்டு பிடிகள், பின்பக்கம் வளைந்து, முனையில் கறுப்பு ரப்பர் உறை போட்டு, இடுப்பு உயரத்துக்கு நீண்டிருந்தன. நல்லது, பிடித்துக்கொள்ள ஏதோ இருக்கிறது என்று நினைத்தான். எதையாவது பிடித்திருக்கிற வரைக்கும் வலது கை சொன்ன பேச்சு கேட்கும். சும்மா விட்டால்தான் ஆரம்பித்துவிடும், முதலில் கட்டைவிரல், அப்புறம் அதோடு ஆள்காட்டி விரலும் சேர்ந்துகொள்ளும், இரண்டுமாக, கையில் இல்லாத மூக்குப்பொடியை எடுத்து உருட்டுவது மாதிரி. அதனால்தான் ஸ்வெட்டர் பையில் ஒரு முழுப் பூண்டைப் போட்டு அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். வில்பட்டியிலிருந்து டவுனுக்குப் பஸ்ஸில் வரும்போதும் அதே பூண்டுதான். தோல் உரிந்து பல்லெல்லாம் தனித்தனியாகக் கழன்று, இப்போது கையைப் பையிலிருந்து எடுத்தால் வாசனை ஊரைக் கூட்டும். பக்கத்தில் பஞ்சவர்ணம் நின்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு மண்வெட்டி வாங்கக்கூட உடன் வராதவள், இன்றைக்கு நானும் வருவேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றுகொண்டாள். ஏன் வந்தாள்? சந்தேகமா? சந்தேகம் இருந்தால் கேட்டிருப்பாளே, அவள் எதையும் மனசில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லையே. ஏரியைப் பார்க்கணும் என்று சொன்னாள். ஏரியை அவள் பார்க்காததா.

"இதை நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே ஒரு வெள்ளைக்கார பாதிரியார் கப்பல்ல கொண்டுவந்தாராம்" என்றார் ஹில்டா டீச்சர். பெரியவர், ரிட்டயராகி ரொம்ப நாளாகிவிட்டது. கணவர் போன பிறகு தனியாக இருக்க முடியாமல் வீட்டை விற்றுவிட்டுக் கோயம்புத்தூரில் மகளோடு இருக்கப் போகிறார். "அவர் ஊருக்குப் போறப்ப எங்க வீட்டுக்காரர்கிட்ட குடுத்துட்டுப் போனார். ரோட்டவேட்டர்னு சொன்னா இங்க ஒருத்தருக்கும் புரியாது அப்ப. கோழி கிளறுற மாதிரி மண்ணைக் கிளறுதேன்னு கூட்டமா வந்து வேடிக்கை பார்ப்பாங்க."

பச்சைப் பெயின்ட் பாதி உரிந்திருந்தது. உரிந்த இடத்தில் துரு இல்லை, எண்ணெய் தடவித் துடைத்த இரும்பு. முன்னால் இரண்டு ரப்பர் சக்கரம், நடுவில் எஞ்சின், பின்னால் ஒரு தகரக் கூடு. பஞ்சவர்ணம் குனிந்து கூட்டுக்குள் எட்டிப் பார்த்து, "ஆத்தி, எத்தனை கத்தி" என்றாள். பவுன்ராஜும் குனிந்தான். குனிந்திருக்கக் கூடாது. வளைந்த கத்திகள் ஓர் அச்சைச் சுற்றி வரிசையாக நின்றன, ஒவ்வொன்றும் முனையில் மட்டும் மண் தேய்த்துத் தேய்த்து வெள்ளியாகப் பளபளத்தது. அவனுக்குத் தன் வலது கால் ஞாபகம் வந்தது. அதுவும் இப்போதெல்லாம் ஒரு நொடி தாமதமாகத்தான் கிளம்புகிறது. இடது கால் போய்விடும், வலது கால் யோசிக்கும். அந்த யோசிக்கிற நொடியில் பின்னால் நகர வேண்டியிருந்தால்? வேண்டாம். அதை நினைக்காதே. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, விலையும் பேசியாயிற்று, ஏற்றிப் போக பிக்கப் வண்டிக்காரனிடமும் சொல்லியாயிற்று. மெஷின் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதானே ஐப்பசியிலிருந்து கணக்குப் போட்டது. மண்வெட்டி பிடித்துக் கொத்தினால் தெரிந்துவிடுகிறது, ஒரு பாத்தி முடிப்பதற்குள் தோள் கட்டை மாதிரி இறுகிவிடுகிறது, பக்கத்து வயல்காரன் சங்கிலி மேட்டில் நின்றுகொண்டு, என்னண்ணே இன்னைக்குத் தூங்கி வழியிறீங்க என்கிறான். போன வாரம் மண்வெட்டி பாதத்துக்குப் பக்கத்தில் இறங்கி செருப்பின் ஓரத்தைச் சீவிக்கொண்டு போனது. அதை யாரும் பார்க்கவில்லை. செருப்பை ஓடையில் எறிந்துவிட்டு, நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று சொன்னான். பஞ்சவர்ணம் நம்பினாள். நம்பினாளா? ஒரு கால் செருப்பை மட்டுமா தூக்கும் என்று கேட்டாள், ஆமாம் என்றான், அதோடு விட்டுவிட்டாள். மெஷினைப் பிடித்தால் எவனுக்கும் எதுவும் தெரியாது. மெஷின் பிடித்தவன் கை ஆடத்தான் செய்யும். ராணுவத்தில் இருந்தவன் கையும் ஆடும். ஊரே பார்க்கட்டும், ஆடுவது மெஷின் என்று நினைக்கட்டும். இந்த யோசனை தோன்றிய ராத்திரி அவன் பல மாதத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்கினான். ஆள் கூலி கட்டுப்படியாகவில்லை, இடுப்பு வலிக்கிறது, காலம் மாறிப்போச்சு என்று பஞ்சவர்ணத்திடம் சொன்னதெல்லாம் அதற்குப் பிறகு சேர்த்துக்கொண்டது.

அப்பா இப்படித்தான் ஆரம்பித்தார். இல்லை, அப்பா இப்படி ஆரம்பிக்கவில்லை, அவருக்கு இடது கை. அதைத்தான் அவன் திரும்பத் திரும்பத் தனக்குச் சொல்லிக்கொள்கிறான். அவருக்கு இடது, எனக்கு வலது, அப்படியானால் இது வேறே. குளிராக இருக்கலாம், மருந்தடிக்கிறதால் இருக்கலாம், காபி ஜாஸ்தியாக இருக்கலாம். காபியை நிறுத்திப் பார்த்தான். அப்பா கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொள்வார். டம்ளரைக் கொடுத்தால் வாங்க மாட்டார், வச்சுட்டுப் போ என்பார், யாரும் இல்லாத நேரம் பார்த்து வாயைக் குனிந்து கொண்டுபோய்க் குடிப்பார். அப்புறம் முகம் போயிற்று. அதுதான், கையைவிட அதுதான். அப்பாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிக்க மறந்தது, கோபப்பட மறந்தது, கடைசியில் கண் மட்டும் உள்ளேயிருந்து பார்த்தது, பூட்டிய வீட்டு ஜன்னலில் ஆள் நிற்பது மாதிரி. காலையில் முகம் கழுவும்போதெல்லாம் பவுன்ராஜ் கண்ணாடியில் சிரித்துப் பார்க்கிறான். இரண்டு பக்கமும் வாய் ஒரே மாதிரி போகிறதா என்று பார்க்கிறான். நேற்று போயிற்று. இன்றைக்கு அவசரத்தில் பார்க்கவில்லை. ஹில்டா டீச்சர் ஏதோ சொல்லிச் சிரிக்க, அவனும் சிரித்தான், சிரித்துக்கொண்டே தன் வலது கன்னம் வந்ததா இல்லையா என்று தடவிப் பார்க்க வேண்டும் போல இருந்தது. டாக்டரிடம் போனால் ஒரு பேர் சொல்லிவிடுவார். பேர் இல்லாத வரைக்கும் இது வெறும் நடுக்கம்.

"தம்பி, இதை மட்டும் நல்லா கேட்டுக்குங்க." ஹில்டா டீச்சர் வலது பிடிக்குக் கீழே இருந்த நீளமான இரும்பு லீவரைத் தொட்டுக் காட்டினார். "புது மெஷின்ல எல்லாம் கையை விட்டா நின்னுடும். இது அந்தக் காலத்து ஏற்பாடு. நேர்மாறு. விட்டா ஓடும், அழுத்தினாத்தான் நிக்கும். பயந்து கையை எடுத்தீங்கன்னா அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கும்."

"அழுத்தினாத்தான் நிக்குமா?" என்றான் பவுன்ராஜ். தன் குரல் தனக்கே சின்னதாகக் கேட்டது.

"இறுக்கி அழுத்தணும். ஸ்பிரிங் கொஞ்சம் கடிசு."

"இதை இந்தப் பக்கம் மாத்திக்க முடியாதா டீச்சர்? இடது பிடிக்கு."

"ஏன், நீங்க இடது கைப் பழக்கமா?"

இல்லை என்று பஞ்சவர்ணம் சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தான். அவள் சொல்லவில்லை. மெஷினைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "சும்மா கேட்டேன்" என்றான். சும்மாவா. விட்டால் ஓடும். அவனுடைய கைக்கு விடவும் தெரியவில்லை, அழுத்தவும் தெரியவில்லை, எது எப்போது என்பதே அது தன் இஷ்டத்துக்கு முடிவு செய்கிறது. திரும்பிப் போய்விடலாம். இன்னும் ஒன்றும் கெட்டுவிடவில்லை. கத்தி தேய்ஞ்சிருக்கு டீச்சர், பாகம் கிடைக்காது டீச்சர், யோசிச்சுச் சொல்றேன் டீச்சர். மூன்றில் எதைச் சொன்னாலும் போதும், நாக்கு வரை வந்தது. வந்து, அங்கேயே நின்றது. திரும்பிப் போனால் மண்வெட்டி. மண்வெட்டி, சங்கிலி, மேட்டில் நின்று பார்க்கிற கண்கள். பூண்டு நடவுக்கு எல்லாப் பாத்தியும் கிளறியாக வேண்டும், மாசியில் மழை வந்தால் போச்சு. இதுவா அதுவா. இது காலைத் தின்னும், அது மானத்தைத் தின்னும். என்ன புத்தி இது, காலைவிட மானமா பெரிசு என்று ஒரு குரல் கேட்டது, அப்பாவின் குரல் மாதிரி இருந்தது, கடைசிக் காலத்தில் வார்த்தை வெளியே வராமல் தொண்டையிலேயே முனகுமே, அந்தக் குரல்.

"ஓட்டிப் பாக்குறீங்களா? பெட்ரோல் இருக்கு" என்றார் ஹில்டா டீச்சர்.

ஓட்டிப் பார்க்காமல் யார் வாங்குவார்கள். ஓட்டிப் பார்க்காமல் வாங்கினால்தான் சந்தேகம் வரும். அவன் பையிலிருந்து கையை எடுத்தான். ஹில்டா டீச்சர் கொடுத்த கயிறு ஒரு முழம் நீளம் இருந்தது, ஒரு முனையில் முடிச்சு, மறுமுனையில் மரக்கட்டை. முடிச்சை எஞ்சின் ஓரத்துச் சக்கரத்தின் வெட்டில் மாட்டி, கயிற்றைச் சுற்றி, கட்டையைப் பிடித்து இழுக்க வேண்டும். முடிச்சு வெட்டுக்குள் போகவில்லை. விரல்கள் அதை வெட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோயின, வெட்டைத் தாண்டின, திரும்பி வந்தன, மறுபடி தாண்டின. சட்டைப் பொத்தானும் இப்படித்தான், காலையில் ஒரு பொத்தான் போடுவதற்குள் வியர்த்துவிடுகிறது. பஞ்சவர்ணம் பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகில் அவள் பார்வை வெயில் மாதிரி விழுந்தது. குளிரில் கை வெறச்சுப்போச்சு என்று சொன்னான், யாரும் கேட்காமலே. பனி விலகிப் பளிச்சென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கடைசியில் இடது கையால் முடிச்சை அமுக்கி, உடம்பால் மறைத்துக்கொண்டு சுற்றி, இடது கையாலேயே இழுத்தான். எஞ்சின் செருமியது. மறுபடி சுற்றி இழுத்தான். புகை கக்கிக்கொண்டு பிடித்துக்கொண்டது.

ஹில்டா டீச்சரின் தோட்டம் மலைச்சரிவில் ஒரு நீளமான படி. டேலியாச் செடிகள் இருந்த இடம் காலியாகக் கிடந்தது. அதன் கோடியில் முழங்கால் உயரத்துக்குக் கல்கட்டு. கல்கட்டுக்கு அந்தப்பக்கம் ஒன்றுமில்லை, கீழ்த்தெருவின் தகரக் கூரைதான். அதை அவன் பார்த்தான். பார்த்துவிட்டுப் பார்க்காதது மாதிரி இருந்தான். லீவரை இறுக்கி அழுத்திப் பிடித்திருந்தான், அழுத்த முடிகிறதே, அழுத்திக்கொண்டுதானே இருக்கிறேன் என்று தைரியம் வந்தது, கியரைப் போட்டு மெல்ல விட்டான். கத்திகள் மண்ணில் இறங்கின. அடடா. மண் கூட்டுக்குப் பின்னால் பொலபொலவென்று விழுந்தது, சலித்த மாவு மாதிரி. அவன் தள்ளவே வேண்டியதில்லை, அதுவே இழுத்துக்கொண்டு போயிற்று, அவன் கூட நடந்தால் போதும். பிடி இரண்டும் அதிர்ந்தன, கை இரண்டும் அதிர்ந்தன, முழங்கை, தோள், பல் எல்லாம் அதிர்ந்தது. எது மெஷின், எது அவன் என்று அவனுக்கே தெரியவில்லை. இதைத்தான் கேட்டேன், இதைத்தான் என்று நினைத்தான். ஊர் பார்க்கட்டும், சங்கிலி பார்க்கட்டும். இனி எத்தனை வருஷம் வேண்டுமானாலும் ஓட்டலாம். அப்பாவுக்கு இப்படி ஒன்று இருந்திருந்தால் அவரும் வயலிலேயே இருந்திருப்பார், கட்டிலுக்கு வந்திருக்க மாட்டார். கல்கட்டு வந்துகொண்டிருந்தது. சரி, இப்போது அழுத்து. அழுத்து என்றான். கை அங்கேயே இருந்தது. லீவரைச் சுற்றித்தான் இருந்தது, நான்கு விரலையும் அவனால் பார்க்க முடிந்தது, யாரோ ஒருத்தருடைய விரல்களைப் பார்ப்பது மாதிரி. அழுத்து. தகரக் கூரை தெரிந்தது, கூரை மேல் காயப்போட்ட மிளகாய் தெரிந்தது. விட்டுவிடு, விட்டால் ஓடும், ஓடட்டும், நீ மட்டும் நின்றுகொள். விடவும் முடியவில்லை. விரல்கள் பிடித்த பிடியில் இறுகிக் கிடந்தன, அழுத்துகிற அளவுக்கு இல்லாமல், விடுகிற அளவுக்கும் இல்லாமல். அழுத்து அழுத்து என்று சொல்கிறவன் மேலே எங்கேயோ நின்று கத்திக்கொண்டிருந்தான், கேட்க வேண்டியவன் கீழே தூங்கிக்கொண்டிருந்தான், நடுவில் கம்பி அறுந்துவிட்டது. வலது கால் மண்ணில் இழுபட்டது. சத்தம் போட வாயைத் திறந்தான், என்னவென்று போடுவது, என்ன பேர் சொல்லி. முன்சக்கரம் கல்லில் முட்டி ஏறப் பார்த்தது.

அவன் கை மேல் இன்னொரு கை வந்து விழுந்தது. பஞ்சவர்ணம் பின்னாலிருந்து அவனைக் கட்டிப் பிடித்தது மாதிரி நின்று, அவன் விரல்களோடு சேர்த்து லீவரைத் தன் இரண்டு கையாலும் இறுக்கினாள். கத்திகள் நின்றன. எஞ்சின் மட்டும் சும்மா உறுமிக்கொண்டிருந்தது. ஹில்டா டீச்சர் ஓடிவந்து எதையோ திருகி அதையும் நிறுத்தினார்.

மெஷின் நின்றுவிட்டது. அவன் கை நிற்கவில்லை. பஞ்சவர்ணத்தின் உள்ளங்கைக்குள் அது ஆடிக்கொண்டே இருந்தது, கூட்டுக்குள் மாட்டிய குருவி மாதிரி. அவள் எடுக்கவில்லை. ஹில்டா டீச்சர் இருவரையும் பார்த்தார், அடுப்பில பால் வச்சிருக்கேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

"குளிரு" என்றான் பவுன்ராஜ்.

"ம்."

"ஸ்பிரிங் கடிசா இருக்கு."

"ம்." அவள் அவனைக் கல்கட்டு மேல் உட்கார வைத்து, தானும் உட்கார்ந்தாள். "வெங்காயம் நட்டமே, அப்ப இருந்து எனக்குத் தெரியும்."

வெங்காயம் நட்டது ஆடியில். ஆடியில் அவனுக்கே சரியாகத் தெரியாது.

"ஈர வயல்ல உங்க பின்னாடி நடந்து வர்றப்ப பாத்தேன். இடது கால் தடம் தடமா இருக்கு. வலது கால் கோடு இழுத்திருக்கு. மாமாவுக்கும் இப்படித்தான் கோடு விழும்." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான் உங்க வீட்டுக்கு வந்தப்ப மாமா நடந்துக்கிட்டுத்தானே இருந்தாரு. படுத்தப்புறம் நான்தானே பாத்தேன். நீங்க காலையில வயலுக்குப் போனா பொழுது சாயத்தான் வருவீங்க. சோத்தை வாயில வச்சா முழுங்க மறந்துருவாரு. தொண்டையைத் தடவி விடணும். உங்களுக்கு இதெல்லாம் தெரியாது."

தெரியாது. அவனுக்கு இதெல்லாம் தெரியாது. அவன் பயந்தது கைக்கும் காலுக்கும் முகத்துக்கும். அதற்கு அந்தப் பக்கம் என்னென்ன இருக்கிறது என்று அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தவள். அத்தனையும் தெரிந்துகொண்டு ஆடியிலிருந்து அவனுக்குப் பக்கத்தில் படுத்திருந்தாள், காபி போட்டுக் கொடுத்தாள், டம்ளரில் முக்கால்தான் ஊற்றினாள். ஆமாம், முக்கால்தான். பால் விலை ஏறிவிட்டது என்று அவன் நினைத்தான். செருப்பு. நாய் தூக்கிய கதையை அவள் எப்படிக் கேட்டுக்கொண்டாள். அவனுக்கு ஒரேயடியாகக் குளிர்ந்தது. இவளுக்கு மறுபடியுமா. ஒரு தடவை செய்து முடித்தவளுக்கு மறுபடியும் முதலிலிருந்தா. அந்தப் பயம் இதுவரை அவனுக்கு வரவே இல்லை. வந்ததும் மற்றப் பயமெல்லாம் அதற்கு முன்னால் சின்னப் பிள்ளைகள் மாதிரி ஒதுங்கி நின்றன.

"ஏன் சொல்லலை?" என்றான்.

"நீங்க ஏன் சொல்லலை? நீங்களா சொல்லட்டும்னு பாத்தேன். சொல்ற மாதிரி இல்லை. மெஷின் வாங்கப் போறேன்னதும் தனியா விட மனசு வரலை. அதான் கூட வந்தேன்." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "திங்கக்கிழமை திண்டுக்கல் போறோம். பெரியாஸ்பத்திரியில நரம்புக்குன்னு தனியா டாக்டர் இருக்காராம், விசாரிச்சுட்டேன். மாமா காலத்துல நாம யாரும் கூட்டிட்டுப் போகலை. வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டோம். இப்ப மாத்திரை இருக்காம். மாத்திரை போட்டுக்கிட்டு வேலைக்குப் போறாங்களாம்."

"சரியாயிருமாமா?"

"சரியாகும்னு சொல்லலை" என்றாள். "நடமாடிக்கிட்டு இருக்கலாமாம்."

அவன் கையைப் பைக்குள் விடப் போனான். பழக்கம். பிறகு என்ன நினைத்தானோ, விடவில்லை. அது மடியில் கிடந்து ஆடியது. அவள் அதைப் பார்த்தாள். பகல் வெளிச்சத்தில் இன்னொருத்தர் அதை அப்படிப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. வெட்கமாக இருந்தது, ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்றுவது மாதிரி. பார்த்துவிட்டு அவள் வேறு பக்கம் திரும்பவில்லை, அது ஒன்றுதான் வித்தியாசம்.

டீயோடு வந்த ஹில்டா டீச்சர் டம்ளர்களைக் கல்கட்டு மேல் வைத்தார். "வேண்டாம்னா விட்டுடுங்க. ஒண்ணும் தப்பில்லை" என்றார்.

வேண்டாம் என்று சொல்ல பவுன்ராஜ் வாயெடுத்தான். அதற்குள் பஞ்சவர்ணம், "எடுத்துக்கிறோம் டீச்சர். பூண்டு போட்டாகணுமே" என்றாள். "ஆனா நான் ஓட்டிப் பாக்கணும்."

"உனக்கு என்ன தெரியும்" என்றான் அவன்.

"உங்களுக்கு என்ன தெரிஞ்சுது?"

ஹில்டா டீச்சர் சிரித்துவிட்டார். "அதை நான்தாம்மா ஓட்டுவேன். எங்க வீட்டுக்காரருக்கு அதைத் துடைக்கத்தான் பிடிக்கும், ஓட்டப் பயம். வா, சொல்லித் தர்றேன்."

மெஷினைக் கல்கட்டிலிருந்து மூன்று பேரும் சேர்ந்து இழுத்துத் திருப்பிப் பாத்தியின் அந்தக் கோடிக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். பஞ்சவர்ணம் சேலையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். ஹில்டா டீச்சர் அவள் கையைப் பிடித்து லீவரில் வைத்து, அழுத்து, விடு, அழுத்து, விடு என்று எஞ்சின் ஓடாமலே பழக்கினார். பவுன்ராஜ் மறுபடி கல்கட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். நிற்க முடியவில்லை. அவள் காலைப் பார்த்தான், ரப்பர் செருப்புப் போட்ட கால், கத்திக் கூட்டுக்குப் பின்னால் இவ்வளவு பக்கத்தில். என்ன செய்துவிட்டேன். என் கையை மறைக்கப் போய் இவளைக் கொண்டுவந்து இதற்குப் பின்னால் நிறுத்திவிட்டேன். தள்ளி நில்லு என்று கத்தினான், எஞ்சின் பிடித்துக்கொண்டதில் அவளுக்குக் கேட்கவில்லை. மெஷின் குதித்துக்கொண்டு கிளம்பியது. அவள் வாயைத் திறந்து என்னவோ சொன்னாள், கண் பிதுங்கியிருந்தது, ஆனால் பிடியை விடவில்லை. கோணலாக வந்தாள், இடது பக்கம் இழுத்துக்கொண்டு போயிற்று, உடம்பையே சாய்த்துத் திருப்பினாள், மண் அவள் சேலை மேல் தெறித்தது. பாதி தூரம். பாதிக்கு மேல். அழுத்து என்று கத்தினான். இவ்வளவு நேரம் தன் கைக்குச் சொன்னதைவிடப் பல மடங்கு சத்தமாக, தெருவுக்கே கேட்கிற மாதிரி, அழுத்து வர்ணம், அழுத்து, அழுத்து என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு கத்தினான். நீட்டிய வலது கை காற்றில் தாறுமாறாக ஆடியதை ஹில்டா டீச்சர் பார்த்தார், கீழ்த்தெருவில் மிளகாய் எடுக்க வந்த ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். அவன் அதைக் கவனிக்கவே இல்லை.

கத்திகள் நின்றன. அவனுக்கும் மெஷினுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடம் இருந்தது. பஞ்சவர்ணம் லீவரை அழுத்தியபடியே நின்றாள். முகம் வெளிறி, மூச்சு வாங்கி, மூக்கு நுனியில் மண் ஒட்டியிருந்தது. ஹில்டா டீச்சர் வந்து எஞ்சினை நிறுத்திய பிறகும் அவள் அழுத்திக்கொண்டேதான் இருந்தாள்.

"பயந்தே போயிட்டேங்க" என்றாள்.

"எனக்கும் பயமா இருக்கு" என்றான் பவுன்ராஜ்.